கடைக் கம்ப்யூட்டரின் விசிறி: சத்தத்தை அடக்குவதா, சூட்டை அளப்பதா?

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பகுதி வியாபாரிகளாகிய நமக்குக் கம்ப்யூட்டர் இப்போது தராசுக்கு அடுத்த சாமானாகி விட்டது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கைச்சிட்டையை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது இயலாமற் போயிற்று. எல்லைப்புறத்தில் கடை வைத்திருக்கும் நமக்கு இந்தத் தேவை இன்னும் கூடுதல். யஷ்வந்த்பூர் மண்டியிலிருந்து நாம் சரக்கு எடுத்தாலும், அத்திப்பள்ளிக் கடைக்காரருக்கு நாம் சரக்கு அனுப்பினாலும், அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. 2018 ஏப்ரல் 1 முதல் ரூ.50,000-க்கு மேற்பட்ட வரிக்குரிய சரக்கு எல்லை தாண்ட இ-வே பில் வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் சேர்ந்து கொண்டது. ஜூஜூவாடி செக்போஸ்டில் வண்டி நின்ற காலம் போய், கடையில் கம்ப்யூட்டர் நின்றால் வண்டி நிற்கும் காலம் இது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் மிகவும் விலை குறைந்த சாமான் எது என்றால், விசிறிதான். நம்மவர்கள் திரும்பியே பார்க்காத சாமானும் அதுவே. சங்கக் கூட்டங்களில் நண்பர்கள் சொல்லும் குறைகள் இரண்டு. ஒன்று, "பெட்டி உர்ரென்று இரைகிறது, ஃபோனில் ஆர்டர் காதில் விழவில்லை" என்பது. அறுபது மூட்டை என்பதும் இருபது மூட்டை என்பதும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்டால் வியாபாரத்தில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மற்றொன்று, "மதியம் இரண்டு மணிக்கு மேல் தானாக அணைந்து விடுகிறது" என்பது. இரண்டும் வெவ்வேறு நோய் போலத் தோன்றும். பெரும்பாலும் இரண்டும் ஒரே நோய்தான். முதல் குறைக்குத் தவறான வைத்தியம் பார்ப்பதனாலேயே இரண்டாவது குறை வந்து சேர்வதும் உண்டு.

நமக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். பெட்டியின் பின்பக்க விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. கடைப் பையன் கெட்டிக்காரன். மூடியைக் கழற்றி அந்த விசிறியின் ஒயரைப் பிடுங்கி விட்டான். அன்று முதல் கடையில் அமைதி. அது டிசம்பர் மாதம் ஆகையால் ஒரு கெடுதலும் தெரியவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பிற்பகல், வெல்லமும் புளியும் ஏற்றிய வண்டி பெங்களூர் புறப்பட நிற்கிறது. இ-வே பில் போடும்போது திரை கறுத்து விட்டது. மறுபடி போட்டால் பத்து நிமிடம் ஓடும், அணையும். டிரைவர் டீ குடித்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்து விட்டார். மாலை ஏழு மணிக்குக் காற்று சற்றுக் குளிர்ந்த பிறகே பில் வெளியே வந்தது. அன்றைய வண்டிக் காத்திருப்புக் கூலியில் விசிறி நான்கு வாங்கியிருக்கலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸர் தீப்பெட்டி அளவுள்ள சில்லு. வேலை செய்யும்போது அது தின்னும் மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும், வேறு வழியில்லை. 1980-களில் வந்த 386 ரகக் கம்ப்யூட்டர்களில் இந்தச் சில்லுக்குத் தனி விசிறி கிடையாது. மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் உள்ள விசிறி ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறகு வேகம் கூடக் கூடச் சூடும் கூடி, சில்லின் மேல் அலுமினியத் தகட்டுக் கட்டையும் அதன் மேல் விசிறியும் ஏறி உட்கார்ந்தன. சூடு சில்லிலிருந்து கட்டைக்கு இறங்குகிறது. கட்டையின் தகடுகளுக்கு இடையே புகும் காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. பின்பக்க விசிறி அந்தச் சுடுகாற்றைப் பெட்டிக்கு வெளியே தள்ளுகிறது. இந்த மூன்றில் எது தடைப்பட்டாலும் சூடு உள்ளேயே தங்கி விடும்.

இன்றைய சில்லுகளுக்குள்ளேயே வெப்பமானி இருக்கிறது. ஏறக்குறைய 95 அல்லது 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கினால் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் இயந்திரத்தை அணைத்து விடும். இதில் நம்மவர் கவனிக்கத் தவறுவது முதல் கட்டத்தைத்தான். அணைந்தால் எல்லோருக்கும் தெரிகிறது; வேகம் குறைந்தால் தெரிவதில்லை. "டாலி மெதுவாகி விட்டது", "நெட் சரியில்லை", "ஜி.எஸ்.டி. சைட் தூங்குகிறது" என்று ஊரையே குறை கூறுவோம். காலையில் பறக்கிற டாலி மதியம் மட்டும் நடக்கிறது என்றால், டாலியைச் சந்தேகிக்கும் முன் விசிறியைப் பாருங்கள்.

மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களுக்கும் சூடு ஆகாது. பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழைய கணக்கு. யு.பி.எஸ். பேட்டரிக்கும் அதே கணக்குதான். பேட்டரியைக் கம்ப்யூட்டர் பெட்டியின் சுடுகாற்று வெளியே வரும் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கும் கடைகள் எத்தனையோ! ஓரடி தள்ளி வைத்தால் பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும்.

லாரியைப் பார்த்துக் கற்கலாம்

அப்படியானால் விசிறியை எப்போதும் முழு வேகத்தில் ஓட்டி விடலாமே என்று தோன்றும். நம் ஊருக்கு லாரி தெரியும். அசோக் லேலண்ட் 1980-லேயே ஓசூரில் ஆலை வைத்து விட்டது. பழைய லாரிகளில் ரேடியேட்டர் விசிறி என்ஜினோடு பெல்ட்டில் கட்டப்பட்டு, வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். விடியற்காலைக் குளிரில் புறப்பட்டாலும் அதே இரைச்சல், அதே டீசல். பிறகு சிலிக்கான் எண்ணெய் நிரப்பிய விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் வந்தது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அதன் முகப்பில் உள்ள இரட்டை உலோகப் பட்டை வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும். அப்போது விசிறி என்ஜினோடு பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றும். காற்று ஆறினால் பிடி தளர்ந்து வேகம் குறையும். சூளகிரி மலையேற்றத்தில் சரக்கோடு ஏறும்போது திடீரென்று எழும் இரைச்சல் இதனால்தான். தேவைப்படும்போது இரைவது, தேவையில்லாதபோது அடங்குவது என்ற இந்த ஏற்பாட்டையே கம்ப்யூட்டரிலும் செய்திருக்கிறார்கள். அங்கே பட்டையும் எண்ணெயும் செய்யும் வேலையை இங்கே வெப்பமானியும் ஒரு சிறு சர்க்யூட்டும் செய்கின்றன.

விசிறியின் வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள கணக்கு வியாபாரிக்குப் பிடித்த கணக்கு. 1,200 சுற்று ஓடும் விசிறியை 600 சுற்றாக்கினால் காற்று பாதியாகிறது. ஆனால் அது தின்னும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிறது. சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்குகிறது. பத்து டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போலக் கேட்கும். அதாவது காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அமைதியில் நிறைய லாபம். இதே கணக்கினால்தான் சிறிய விசிறி வேகமாகச் சுற்றுவதை விடப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவது நல்லது. பெட்டியில் இடம் இருந்தால் 80 மில்லிமீட்டர் விசிறியை விட 120 மில்லிமீட்டர் விசிறியே கடைக்கு உகந்தது.

ஒயரை எண்ணுங்கள்

ரிப்பேர்க்காரர் வரும்போது பக்கத்தில் நின்று விசிறியின் ஒயரை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஒயர் என்றால் வெறும் 12 வோல்ட் டி.சி. மின்சாரம் மட்டும், ஓடும், ஆனால் ஓடுகிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மூன்றாவது ஒயர் விசிறி சொல்லும் சேதி: ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும், அதை எண்ணிக் கம்ப்யூட்டர் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். மூன்று ஒயர் விசிறியின் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மதர்போர்டு அதன் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். நான்காவது ஒயர் உள்ள விசிறிதான் சிறந்தது. அதற்கு 12 வோல்ட் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். நான்காவது ஒயர் வழியாக வரும் கட்டளைத் துடிப்பு எவ்வளவு நேரம் 'ஆன்', எவ்வளவு நேரம் 'ஆஃப்' என்பதைப் பொறுத்து விசிறி தன் வேகத்தை அமைத்துக்கொள்ளும். இதற்கு பி.டபிள்யூ.எம். என்று பெயர். இன்டெல் வகுத்த முறைப்படி இந்தத் துடிப்பு வினாடிக்கு 25,000 தடவை. மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது ஆகையால் துடிப்பின் சத்தம் நமக்குத் தெரிவதில்லை. இன்னொரு நல்ல குணம்: நான்காவது ஒயர் அறுந்து போனால் விசிறி நின்று விடாது, முழு வேகத்தில் ஓடும். கெட்டாலும் நன்மைப் பக்கம் கெடும்படி செய்திருப்பது நல்ல யோசனை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நான்கு ஊசி உள்ள இடத்தில் மூன்று ஒயர் விசிறியைச் செருகலாம், பொருந்தும். ஆனால் மதர்போர்டு 'பி.டபிள்யூ.எம்.' முறையில் வைக்கப்பட்டிருந்தால் அந்த விசிறிக்கு நான்காவது ஒயரின் கட்டளை போய்ச் சேராது. அது நாள் முழுவதும் முழு வேகத்தில் இரையும். நம் கடைகளில் காதைத் துளைக்கும் பல பெட்டிகளுக்கு இதுவே காரணம். பழைய விசிறி போய் ரிப்பேர்க்காரர் கையில் கிடைத்த மூன்று ஒயர் விசிறியை மாட்டி விட்டுப் போயிருப்பார். பயாஸில் அந்த விசிறியின் முறையை 'டி.சி.' என்று மாற்றினால் ஒரு பைசா செலவில்லாமல் அடங்கி விடும். எல்லா மதர்போர்டிலும் இந்த வசதி இல்லை; இல்லையென்றால் நான்கு ஒயர் விசிறியாக மாற்றுவதே வழி.

சிலர் வேறு குறுக்கு வழி செய்கிறார்கள். 12 வோல்ட் ஒயருக்கும் 5 வோல்ட் ஒயருக்கும் நடுவில் விசிறியைக் கட்டி 7 வோல்ட்டில் ஓட்டுவது பழைய கைவேலை. சத்தம் குறையும் என்பது உண்மை. ஆனால் டிசம்பர் விடியலிலும் அதே வேகம், மே மாதம் மதியத்திலும் அதே வேகம். சூடு ஏறினால் அதற்குத் தெரியாது. ஒயரைப் பிடுங்கிய கடைப் பையன் செய்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. இன்னும் சிலர் வீட்டு சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை மாட்டலாமா என்று கேட்கிறார்கள். அது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்துக்கு உரியது, இதில் மாட்டக் கூடாது, நினைக்கவும் கூடாது.

பயாஸில் செய்ய வேண்டியது

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் 'டெல்' அல்லது 'எஃப்2' விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். அதில் 'ஹார்டுவேர் மானிட்டர்' என்றோ 'ஃபேன் கண்ட்ரோல்' என்றோ ஒரு பகுதி இருக்கும். ஜிகாபைட் போர்டுகளில் 'ஸ்மார்ட் ஃபேன்' என்றும், ஆசூஸ் போர்டுகளில் 'க்யூ-ஃபேன்' என்றும் பெயர். சூட்டை ஒரு பக்கமும் விசிறி வேகத்தை மறு பக்கமும் வைத்து ஒரு கோடு போட்டிருப்பார்கள். இந்தக் கோட்டை நம் கடைக்குத் தக்கபடி வளைப்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

கடை வேலைக்கு நாம் சொல்லும் தொடக்கக் கணக்கு இது: 40 டிகிரி வரை விசிறி 30 சதவீதம், 55 டிகிரியில் 40, 70 டிகிரியில் 65, 80 டிகிரியில் முழு வேகம். பில் போடுவதும் டாலி பார்ப்பதும் கனமான வேலையல்ல. ஆகவே நாளில் பெரும்பகுதி விசிறி கீழ்ப்படியிலேயே ஓடி, பெட்டி இருப்பதே தெரியாது. 30 சதவீதத்துக்கும் கீழே இறக்க ஆசைப்பட வேண்டாம். சில விசிறிகள் அந்த வேகத்தில் புறப்படாமல் முனகிக்கொண்டு நிற்கும். மூன்று ஒயர் விசிறியானால் 50 சதவீதத்துக்குக் கீழ் போகாமலிருப்பது நல்லது.

கோட்டை அமைத்த பிறகும் சிலருக்கு ஒரு தொல்லை இருக்கும். விசிறி இரண்டு வினாடிக்கு ஒருமுறை 'ஊய்' என்று ஏறி இறங்கும். ஒரே சீரான சத்தத்தை விட இது அதிக எரிச்சல். பிரவுசரைத் திறந்தவுடன் சில்லின் சூடு ஒரு நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி தாவும், உடனே இறங்கும். விசிறி அதன் பின்னாலேயே ஓடுவதால் வரும் வினை இது. ஆனால் மேலே உள்ள உலோகக் கட்டை அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. ஆகவே விசிறியைச் சற்றுப் பொறுக்கச் சொல்லலாம். 'ஸ்டெப் அப் டைம்', 'ஹிஸ்டெரிசிஸ்' என்ற பெயர்களில் இந்த வசதி இருக்கும். ஏறுவதற்கு மூன்று முதல் ஐந்து வினாடி, இறங்குவதற்கு அதைவிடக் கூடுதலாக வைத்தால் ஊசலாட்டம் நின்று விடும். பால் பொங்கும்போது அடுப்பை அணைக்கிறோம், ஒரு குமிழி வந்ததற்கெல்லாம் அணைப்பதில்லை அல்லவா?

விண்டோஸில் ஓடும் விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள்களும் உண்டு. வீட்டில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அவை சரி. கடைக்குப் பயாஸே போதும் என்பது நம் கருத்து. விண்டோஸ் தொங்கிப் போனாலும் பயாஸ் வேலை செய்துகொண்டிருக்கும்.

பயாஸில் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. பிராசஸர் விசிறி நின்று போனால், போட்டவுடனே 'சி.பி.யு. ஃபேன் எரர்' என்று எழுதிக் காட்டிக் கம்ப்யூட்டர் நின்று விடும். அந்த எச்சரிக்கையை 'இக்னோர்' என்று வைத்து விட்டுப் போகும் ரிப்பேர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர் கூலி வாங்கிக்கொண்டு போய் விடுவார்; நம் பேரேடு உள்ளே இருக்கிறது.

டெல், எச்.பி., லெனோவா போன்ற கம்பெனிப் பெட்டிகளில் இவ்வளவு வசதிகள் இருக்காது. பெங்களூர் கம்பெனிகள் கழித்துத் தள்ளிய அத்தகைய பெட்டிகளை இரண்டாம் விலைக்கு வாங்கி வைத்திருப்போர் நம்மில் ஏராளம். குறை சொல்வதற்கில்லை, உழைப்பாளிப் பெட்டிகள். அவற்றின் விசிறி தானாகவே சூட்டைப் பார்த்து ஓடும். சத்தம் போட்டால் தூசி, அல்லது சில்லுக்கும் கட்டைக்கும் இடையே தடவிய பேஸ்ட் காய்ந்து விட்டது என்று பொருள். ஐந்தாறு வருடம் ஆன பெட்டிக்குப் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் சூடு கண்கூடாக இறங்கும்.

ஓசூர்க் கணக்கு கிருஷ்ணகிரிக்கு ஆகாது

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 1,600 அடி அளவில்தான். ஒரு மணி நேரப் பயணத்தில் ஊர் மாறுகிறதோ இல்லையோ, வெயில் மாறி விடுகிறது. கம்ப்யூட்டர் சூட்டின் விதி எளிது: அறையின் சூடு ஐந்து டிகிரி கூடினால், அதே வேலைக்கு, அதே விசிறி வேகத்துக்கு, சில்லின் சூடும் ஏறக்குறைய ஐந்து டிகிரி கூடும். விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறைக் காற்றை விடக் குளிர்ச்சியாக்க முடியாது. ஆகவே ஓசூர்க் கடையில் அமைத்த கோட்டை அப்படியே கிருஷ்ணகிரிக் கிளைக் கடையில் வைத்தால் அங்கே விசிறி அதிக நேரம் மேல்படியில் ஓடும். அது கோளாறு அல்ல, அதன் கடமை. சத்தம் தாங்கவில்லை என்று அங்கே கோட்டை இறக்காமல், பெரிய விசிறி போடுவதே முறை. கோட்டை ஜனவரியில் அமைத்தவர்கள் மே மாத மதியத்தில் ஒருமுறை சூட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கடைக்குள்ளேயும் இட வித்தியாசம் உண்டு. கல்லா மேசைக்கு அடியில் பலகை அடித்து அடைத்த அறைக்குள் பெட்டியை வைத்துக் கதவையும் சாத்தி விடுகிறோம். பார்வைக்கு அழகு, ஆனால் பெட்டி தான் விட்ட சுடுகாற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி, கதவில் துளைப் பலகை, தரையிலிருந்து ஓரடி உயரம் என்று இவ்வளவு செய்தாலே விசிறி ஒரு படி இறங்கி ஓடும். இதற்காக ஏ.சி. போட வேண்டியதில்லை.

மிளகாய்த் தூளும் மாவும்

மற்ற வியாபாரிகளுக்கு இல்லாத தொல்லை மளிகைக்காரர்களுக்கு உண்டு. நம் கடைக் காற்றில் ராகி மாவு, தவிடு, மஞ்சள், மிளகாய்த் தூள், சாக்குப் பஞ்சு எல்லாம் மிதக்கின்றன. எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் தகடுகளுக்கு இடையே கம்பளி போல் ஒரு படலம் படிந்து விடும். காற்று போக வழியில்லாதபோது விசிறி முழு வேகத்தில் ஓடியும் பயனில்லை. சத்தம் கூடிய பெட்டிக்கு முதல் வைத்தியம் பயாஸ் அல்ல, துடைப்பதே. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் உள்ளே போய்ப் பிசுபிசுப்பாகப் படியும். பெட்டியை விட்டுத் தள்ளிக் காட்டினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

ஆனால் ஊதுபத்தி ஒன்றைப் பரிசோதனைக்குப் பயன்படுத்தலாம். பெட்டியின் முன்னால் பிடித்தால் புகை உள்ளே போக வேண்டும், பின்னால் பிடித்தால் விலகி ஓட வேண்டும். இரண்டு பக்கமும் வெளியே தள்ளினால் விசிறி திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. முன்பக்கம் உள்ளிழுக்கும் விசிறிக்கு நைலான் வலை ஒன்று மாட்டி, பின்பக்க விசிறியை அதைவிடச் சற்று மெதுவாக ஓடும்படி வைத்தால், பெட்டிக்குள் காற்று எப்போதும் கொஞ்சம் மிகுதியாக இருக்கும். சந்து பொந்து வழியாகத் தூசி நுழையாது, வலை வழியாக வடிகட்டித்தான் காற்று வரும். வலையை வாரம் ஒருமுறை தட்டி மாட்டினால் போதும்.

உள்ளே சுத்தம் செய்ய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாவு மில், மிளகாய் அரைக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் மாதம் ஒருமுறை. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி விட்டுச் சிறிய மின் புளோயரால் ஊதலாம். ஊதும்போது விசிறி இதழை ஒரு பென்சிலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். பஞ்சர் கடைக்குத் தூக்கிப் போய்க் காற்றடிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெய்த் துளியும் கலந்து வரும். அழுத்தமும் மிக அதிகம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கும். கதகதப்பு தேடிக் கரப்பான் அதற்குள் குடியிருப்பது மளிகைக் கடைகளில் சகஜம். சத்தம் அங்கிருந்து வந்தால் முழுப் பெட்டியாக மாற்றுவதே நல்லது.

புது விசிறி சில நூறு ரூபாய்க்குள் முடிந்து விடும். பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் எல்லா அளவும் கிடைக்கும்; மண்டிக்குப் போகிறவர் திரும்பும் வழியில் வாங்கி வரலாம். விசிறியின் அளவு, ஒயர் எண்ணிக்கை, பேரிங் வகை மூன்றையும் சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். தூசிக்கும் சூட்டுக்கும் சாதாரண ஸ்லீவ் பேரிங்கை விட பால் பேரிங் அதிக காலம் நிற்கும், சற்றுக் கூடுதல் சத்தம் இருந்தாலும். கம்ப்யூட்டர் விசிறி, எஸ்.எம்.பி.எஸ். இரண்டிலும் உலகில் பெரிய பெயர் எடுத்தது 1971-ல் தைவானில் தொடங்கிய டெல்டா கம்பெனி. நம் குருபரப்பள்ளியிலேயே அவர்கள் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. விசிறியில் அந்தப் பெயரைப் பார்த்தால் போலியா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் தேதி, காலையில் காட்டிய சூடு, மதியம் காட்டிய சூடு, விசிறியின் சுற்று ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி விடுங்கள். அடுத்த முறை ரிப்பேர்க்காரர் வரும்போது பேச்சு அந்தச் சீட்டிலிருந்து தொடங்கட்டும்.